மாடலிங் வாய்ப்பு மிரட்டல்: பதற்றத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

மாடலிங் வாய்ப்பு தருவதாக இணையத்தில் பேசி, பிள்ளைகளின் அந்தரங்கப் படத்தை வாங்கி மிரட்டுகிறார்கள். இதில் சிக்கும் குடும்பங்களுக்கு உதவும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், ஆரம்பத்தில் நாங்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே யோசனைகளைச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். 'முன்பின் தெரியாதவரிடம் பேசாதே' வகையறாவை விட்டுவிடலாம். அது பிள்ளைகளுக்கே மனப்பாடம்.

பணம் கேட்கவில்லை, அதனால் நிஜம் என்று நம்புவது

பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ செலவு என்று கேட்பவனோடு போவது பணம் மட்டும்தான். கேட்காதவன்தான் ஆபத்து. பெண் பெயரில் கணக்கு, மரியாதையான பேச்சு. முதலில் முகப்படம், அப்புறம் 'உடல் அளவு பார்க்க' ஒரு படம், பிறகு உடை மாற்றிக் காட்ட வீடியோ கால். அதைப் பதிவு செய்துகொண்டு, பிள்ளையின் நண்பர்கள் பட்டியலைக் காட்டி மிரட்டுவார்கள்.

எல்லாவற்றையும் அழித்துவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு அம்மா மகளின் போனை ரீசெட் செய்துவிட்டு வந்தார். "எல்லாத்தையும் அழிச்சாச்சு சார், இனிமே ஒண்ணும் இல்லையே?" படம் அவனிடம் பத்திரமாக இருந்தது. அவன் பயன்படுத்திய கணக்கின் பெயர், போன் எண், பணம் அனுப்பச் சொன்ன யூபிஐ முகவரி எல்லாம் ரீசெட்டோடு போயின. எந்தச் செயலியில் பேசினான் என்பதையே மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்தப் பெண்ணோ பேசும் நிலையில் இல்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை, 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் அடையாளம் உருவாக்கும்; படம் போனை விட்டு வெளியே போகாது. அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். படத்தையே அழித்துவிட்டால் எதற்கு அடையாளம் எடுப்பது?

சரி, என்ன செய்வது? உரையாடலை அப்படியே வைத்திருங்கள். கணக்கின் பெயர், இணைப்பு, எண், தேதி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அப்புறம் பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் சித்தப்பாவுக்குக்கூட அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் அதுவே குற்றமாகலாம்.

பணம் கட்டிப் பார்ப்பது

கட்டாதீர்கள். அடுத்த தொகை கேட்பான்.

ஒப்பந்தத்துக்குப் பயப்படுவது

'கையெழுத்துப் போட்டாய், வழக்குப் போடுவோம்' என்பது வெறும் உருட்டல். 18 வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது.

பையன்தானே என்று விடுவது

பையன்களும் சிக்குகிறார்கள்.

போலீஸ் வந்தால் தெருவுக்கே தெரியும் என்று தள்ளிப்போடுவது

போக்சோ சட்டப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே எடுக்கலாம். எடுக்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பெயரையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. சைபர் குற்ற உதவி எண் 1930, இல்லையென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எதில் அழைத்தாலும் சரி, இன்றைக்கே அழையுங்கள்.