வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்பு முகம்

குடியாத்தத்தில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. நல்ல கறுப்பு, களையான முகம். பின்னால் வெள்ளைச் சுவர், மேலே டியூப்லைட். படத்தில் சுவரும் ஆரணிப் பட்டின் ஜரிகையும் பளிச்சிட, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

கேமரா எதன் வெளிச்சத்தை அளந்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் நிறைய இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாற்றி, கன்னத்தில் சந்தனம் படாத இடமாகப் பார்த்து அளந்தேன். அதை அப்படியே விட்டால் கறுப்பு வெளுத்துவிடும். அதனால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்தேன். நிறம் நிறமாகவே வந்தது.

அப்புறம் வெளிச்சம். டியூப்லைட்டை அணைத்து, நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டாகத் திருப்பிப் போட்டேன். கறுப்புத் தோலுக்கு அழகே அதன் மினுமினுப்புதான். பக்கத்திலிருந்து விழும் மெல்லிய வெளிச்சத்தில் கன்னமேடும் மூக்கும் தனியாக எடுத்துத் தெரியும். நேர் ஃபிளாஷ் நெற்றியில் வெள்ளைத் திட்டு போடும். மறுபக்கம் மாமாவை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன் (சிரித்துக்கொண்டேதான் பிடித்தார்). ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்ப, கண்ணுக்குக் கீழிருந்த நிழல் தணிந்தது.

செல்போனில் எடுப்பவர்கள் முதலில் பியூட்டி மோடை அணைக்கவும். அது பல போன்களில் ஆளையே வெளுக்கிறது. இருட்டாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் வெளிச்சத்தை ஏற்றவும் வேண்டாம், நிழலெல்லாம் புள்ளிபுள்ளியாகிவிடும்.