வீட்டு மரத்தைக் கழிக்க ஆள் கூப்பிடும் முன்

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் அரிவாளும் கயிறுமாகச் சைக்கிளில் வருபவர்கள் கதவைத் தட்டத் தொடங்குவார்கள். "மழைக்கு முன்னாடி மரத்தைக் கழிச்சிடலாமா?" வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட 2016க்கு அடுத்த வருடம், பயத்தில் நானும் சரி என்றேன். வாசல் வேம்பை ஒரே காலையில் பத்தடித் தண்டாக மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்த்தது. மரம் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்த இரவு, அப்படி வளர்ந்த கொப்புகளில் மூன்று பிய்ந்து மாடியில் விழுந்தன. அவை பட்டைக்கு அடியிலிருந்து அவசரமாகக் கிளம்பியவை. ஆதியிலிருந்து மரத்தோடு சேர்ந்து பருத்த கிளையின் பிடிப்பு அவற்றுக்குக் கிடையாது.

வெட்டியவர்மீது குறையில்லை. நான் சொன்னதைத்தான் அவர் செய்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: மரம் யாருடையது?

காம்பவுண்டுக்கு வெளியே தெருவோரம் நிற்கும் மரம், நீங்களே நட்டுத் தண்ணீர் ஊற்றியதானாலும், உங்கள் விருப்பத்துக்கு வெட்டக்கூடியது அல்ல. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம். மற்ற ஊர்களில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகம். அரசு இடத்து மரத்தை அடியோடு வெட்டுவதானால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவரை போக வேண்டியிருக்கும். சந்தன மரம் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறைக்குத் தெரியாமல் கை வைக்காதீர்கள்.

கிளை மின்கம்பியைத் தொடுகிறதா? அப்படியானால் எந்த ஆளையும் ஏற்றாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அவர்கள் லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். இதில் கூலியோ அவசரமோ ஒரு காரணமே இல்லை.

படி 2: நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

ஆள் வருவதற்கு முந்தின நாள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைமேல் சாய்ந்த கிளை. இவை மட்டும்தான் போக வேண்டியவை. துணியோ சுண்ணாம்போ வைத்து அடையாளம் போட்டுவிடுங்கள். பறவைக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுத்திருங்கள். அடிமரத்தில் காளான், பொந்து, ஒரு பக்கம் தூக்கிய மண் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அது கழிக்கிற வேலையோடு முடியாது. அனுபவமுள்ளவர் ஒருவர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும்.

படி 3: ஆளைத் தேடுவது, கூலி பேசுவது

நல்ல ஆளை அவர் போன வருடம் கழித்த மரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு மரம் இருந்தால் போய்ப் பாருங்கள். வெட்டு வழவழப்பாக, விளிம்பைச் சுற்றிப் பட்டை மூடிக்கொண்டு வந்தால் நல்ல கை. பட்டை கிழிந்து தொங்கினால் வேறு ஆள் பாருங்கள்.

பேசும்போது, "அண்ணே, இந்தக் கிளையை எப்படி இறக்குவீங்க?" என்று கேளுங்கள். கயிறு கட்டி, பகுதி பகுதியாக, கீழே ஒருத்தர் பிடித்துக்கொள்ள இறக்குவேன் என்றால் வேலை தெரிந்தவர். இடுப்பில் பெல்ட், தலைக்கவசம், கீழே குறைந்தது ஒரு துணை. இவை இல்லாமல் ஏற விடாதீர்கள். விழுந்தால் போவது ஒரு குடும்பத்தின் சோறு. தென்னை ஏறுபவர்களுக்காகத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் கருவியில் ஏறப் பயிற்சி தருகிறது. கேரா சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடும் இருக்கிறது. உங்களிடம் வழக்கமாக வருபவருக்கு இது தெரியாவிட்டால் எடுத்துச் சொல்லுங்கள்.

கூலி விஷயத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "காசு குறைச்சுக்கோங்க, விறகை நீங்களே எடுத்துக்கோங்க" என்பார்கள். விறகுக்கடையில் சுள்ளிக்கு விலை இல்லை, பருத்த கிளைக்குத்தான் விலை. அந்தப் பேச்சு பேசிய நிமிடமே நல்ல கிளைகளுக்கு ஆபத்து வந்துவிடுகிறது. முழுக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். குப்பையை அள்ளிப் போவதும் அதில் சேருமா என்பதை மரத்தடியிலேயே பேசி முடியுங்கள்.

படி 4: வெட்டும்போது கூடவே நில்லுங்கள்

பெரிய கிளையை ஒரே வெட்டில் இறக்கினால் அதன் கனம் பட்டையை அடிமரம்வரை உரித்துக்கொண்டு வரும். அதனால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கிளையின் கீழ்ப்புறம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதைவிட இரண்டு விரல் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை கிழியாமல் விழும். மிஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டில் எடுக்கலாம்.

அந்தக் கடைசி வெட்டு எங்கே விழுகிறது என்பதுதான் மரத்தின் ஆயுள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் ஒரு புடைப்பு இருக்கும். புண்ணை மூடும் சதை அங்கிருந்துதான் வளர்கிறது. புடைப்பை விட்டு, அதற்கு வெளியே ஒட்டினாற்போல் அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து நிறுவியது இது. மரம் புண்ணை நம்மைப்போல் ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. தாரோ சிமென்டோ பூசினால் உள்ளே ஈரம் தங்கி அழுகும். சும்மா விடுங்கள்.

ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் பச்சையை எடுக்க வேண்டாம். மாமரத்துக்கு அறுவடை முடிந்த ஆகஸ்ட், செப்டம்பர் ஏற்ற காலம். அதைத் தாண்டினால் பூ குறையும். தென்னையில் பச்சை மட்டையை வெட்டவே கூடாது. வெட்டியே தீர வேண்டுமானால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள். புது வெட்டின் வாசனைக்கு, தண்டைக் குடைந்து மரத்தையே சாகடிக்கும் சிவப்புக் கூன்வண்டு வரும். ஏறுவதற்காகத் தண்டில் படி கொத்துவதும் அதற்கு வாசல் திறந்துவிடுவதுதான்.

படி 5: ஆள் போன பிறகு

அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசியிருந்தால் முதலில் அதை உடையுங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. வேருக்கு மூச்சு வேண்டும். தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாமல், உச்சிவெயிலில் நிழல் விழும் வட்டத்தின் ஓரமாக விடுங்கள். கழித்த இலையையும் சுள்ளியையும் அதே வட்டத்தில் மூடாக்காகப் பரப்பலாம், தண்டை ஒட்டாமல்.

வேம்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. மார்கழி, தையில் கொழுந்தெல்லாம் கருகி, மரமே பட்டதுபோல் நிற்கும். தேயிலைக் கொசு என்ற ஒரு பூச்சி சாறு உறிஞ்சுவதாலும் பூஞ்சணத்தாலும் அப்படி ஆகும். அதைப் பார்த்து வெட்டிச் சாய்த்த வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு சிறு கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் சித்திரைவரை யாரையும் கூப்பிடாதீர்கள்.