மனநலச் சொற்களும் நோய் வகைப்பாடும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல மருத்துவப் பயிற்சிக்கு வருபவர்கள் எழுதும் நோயாளிக் குறிப்புகளைத் திருத்தும்போது, பல ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதியவற்றையே மறுபடியும் படிப்பதுபோல் இருக்கிறது. தேதி போட மறப்பதும் மருந்தின் பெயரைப் பிழையாக எழுதுவதும் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் 'பிரமை' என்று எழுதுவது

பேச்சுவழக்கில் 'பிரமை' என்ற ஒரே சொல் மூன்று வேறு நிலைகளைச் சுமக்கிறது. கயிற்றைப் பாம்பாகக் காண்பது இல்யூஷன், அதாவது திரிபுக்காட்சி. அங்கே கயிறு உண்மையில் இருக்கிறது. கயிறே இல்லாத வெறுந்தரையில் பாம்பைக் காண்பது ஹாலுசினேஷன் என்னும் மாயப் புலனுணர்வு. பாம்பு எதையும் காணாமலே, தன்னைக் கொல்வதற்காக உறவினர்கள் பாம்பு வளர்க்கிறார்கள் என்று நம்பி, எந்தச் சான்றைக் காட்டினாலும் அந்த நம்பிக்கையிலிருந்து அசையாதிருப்பது டெல்யூஷன் என்னும் பொய்நம்பிக்கை. முதல் இரண்டும் புலனைச் சேர்ந்தவை, மூன்றாவது எண்ணத்தைச் சேர்ந்தது. ஹாலுசினேஷனுக்கு 'மாயத்தோற்றம்' என்று எழுதும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. 'தோற்றம்' என்றவுடன் மாணவர் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி மட்டும் கேட்கிறார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் மிகுதியாகக் காணப்படுவதோ காதில் விழும் குரல்கள்.

அறிகுறியின் பெயரை நோயின் பெயராக எழுதுவது

மற்றத் தவறுகளைச் சிரித்துக்கொண்டே திருத்துவேன், இதைப் பார்த்தால் மட்டும் இன்றும் எரிச்சல் வருகிறது. என் பயிற்சிக் காலத்தில் ஓர் இரவுப் பணியின்போது, எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியை அழைத்து வந்தார்கள். சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லிக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். பெற்ற மகளையே யாரோ என்று விரட்டினார். மாயப் புலனுணர்வு இருக்கிறது, ஆகவே இது மனச்சிதைவு நோய் என்று ஐந்து நிமிடத்தில் முடிவுகட்டி, அந்த நோய்க்குரிய மாத்திரையையும் எழுதினேன். "மூன்று நாள் முன்புவரை வீட்டுக் கணக்கெல்லாம் அம்மாதான் பார்த்தார்கள், இன்று காலையில்கூடத் தெளிவாகப் பேசினார்கள்" என்று மகள் சொன்னதைக் குறிப்பில் எழுதவும் செய்தேன். நோய் இன்னதென்று அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. எழுதிய எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் மூத்த மருத்துவர் சொல்லிச் செய்த பரிசோதனையில், சிறுநீர்ப் பாதையில் கடுமையான தொற்று இருப்பது தெரிந்தது. அந்த மூதாட்டிக்கு வந்திருந்தது டெலிரியம்: உடல்நோயால் மூளை தடுமாறி, கவனமும் தெளிவும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ குலைந்து, பகலில் தெளிந்து இரவில் முற்றும் நிலை. தொற்று குணமானதும் பூச்சிகளும் போய்விட்டன. ஆனால் நான் எழுதிய பெயர் போகவில்லை. அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் பழைய குறிப்பைப் பார்த்து அதையே படியெடுத்தார்கள், மாத்திரையும் தொடர்ந்தது. அந்த வகை மருந்து முதியவர்களைத் தடுமாறி விழச்செய்யக்கூடியது. ஓராண்டு கழித்து இடுப்பெலும்பு முறிந்து அவர் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோதுதான், அவருடைய கோப்பில் என் கையெழுத்தை மறுபடியும் பார்த்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாட்டில் மனநோய்களின் வரிசையே ஒரு பாடமாக அமைந்திருந்தது. மூளை, உடல் பாதிப்பால் வருபவை எஃப்00 முதல் 09 வரையிலான குறியீடுகளிலும், மதுவும் பிற போதைப் பொருள்களும் விளைவிப்பவை எஃப்10 முதல் 19 வரையிலும் வந்த பிறகே, எஃப்20-இல் மனச்சிதைவு வரும். முன்னிருப்பவற்றை விலக்காமல் பின்னுள்ளதற்குப் போகாதே என்று எங்களுக்கு அந்த வரிசையைக் காட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-இல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் நரம்புக் குறைபாடுகள் முன்னே வந்து, டெலிரியம் பின்வரிசைக்குப் போய்விட்டது. விலக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை, வரிசை அதை நினைவூட்டுவதுதான் நின்றுவிட்டது. ஆகவே, திடீரென்று தொடங்கிய குழப்பம், நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் தெளிவு, கண்ணில் தெரியும் மாயக்காட்சிகள் ஆகியவை சேர்ந்திருந்தால், இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லி முதலில் கவனத்தைச் சோதியுங்கள். காரணம் தெரியும்வரை, "மாயப் புலனுணர்வு உள்ளது, காரணம் ஆராயப்படுகிறது" என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

மனச்சிதைவை இரட்டை ஆளுமை என்று எண்ணுவது

பழி பெயரின் மேல்தான். 1908-இல் ஸ்விட்சர்லாந்தின் ஓய்கன் பிளாய்லர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரை அமைத்தபோது, எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணக்கம் இழப்பதையே பிளவு என்றார். ஒருவருக்குள் இருவர் வாழ்வதை அவர் குறிக்கவில்லை. ஜப்பானில் 'மனம் பிளந்த நோய்' என்ற பொருள்தந்த பெயரை 2002-இல் மாற்றியே விட்டார்கள். நம்முடைய 'சிதைவு' இன்னும் அப்படியே இருக்கிறது.

மனநிலையையும் முகபாவத்தையும் குழப்புவது

மனநிலை என்பது நோயாளி சொல்வது, முகபாவத்தில் தெரியும் உணர்ச்சி வெளிப்பாடு நீங்கள் காண்பது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

'நியூரோசிஸ்'

பதற்றம், அச்சம் போன்ற கோளாறுகளுக்கு முன்பு வழங்கிய பொதுப்பெயர் இது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம், 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை ஒரு நோய்ப்பிரிவாக வைத்துக்கொள்ளவில்லை. நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு கையேடுகளைக் கலந்து எழுதுவது

மனச்சிதைவு என்று முடிவுசெய்ய ஐசிடி ஒரு மாதக் காலத்தைப் போதுமென்கிறது. டிஎஸ்எம் ஆறு மாதம் கேட்கிறது. அறிகுறி தொடங்கி மூன்று மாதமான ஒருவருக்கு ஒரு கையேட்டின்படி அந்நோய் இருக்கலாம், மற்றதன்படி இன்னும் இல்லை. எது சரி என்று கேட்ட மாணவரிடம், இவை குழுக்கள் கூடி ஒப்புக்கொண்ட எல்லைகள், மூன்று மாதமாகக் குரல் கேட்பவருக்குச் சிகிச்சை இரண்டின்படியும் இன்றே தொடங்க வேண்டும் என்றேன். எந்தக் கையேடு, எந்தப் பதிப்பு என்பதை மட்டும் நோய்ப்பெயரின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.