தீர்ப்பு வந்த பிறகும் பழைய பெயர் நிற்கும் இடங்கள்

விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்ததும் ‘விட்டது தொல்லை’ என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அது வங்கிக்கோ சார்பதிவாளருக்கோ தானாகப் போய்ச் சேராது. நாகர்கோவிலில் வழக்கு முடிந்த கையோடு நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வையுங்கள். எல்லா இடத்திலும் ஜெராக்ஸ் செல்லாது.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இதற்கும் முந்தைய தவறு ஒன்று நடக்கிறது. மறைமாவட்டத் தீர்ப்பாயம் ‘திருமணம் செல்லாது’ என்று சொல்லிவிட்டால் போதும் என நினைப்பது. சபைக்கு அது சரி. சட்டத்துக்கு நீதிமன்றத் தீர்ப்புதான் வேண்டும். உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதைச் சொல்லிவிட்டது.

எனக்கு அதிகம் பயம் தருவது பவர் பத்திரம். வளைகுடாவுக்குப் போகிறவர் தோப்பையும் ரப்பர் விளையையும் பார்த்துக்கொள்ள மனைவிக்குப் பவர் எழுதிக் கொடுப்பது நம்மூரில் சாதாரணம். விவாகரத்து ஆனதாலேயே அது ரத்தாகிவிடாது. ரத்துப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பதிந்ததை வக்கீல் நோட்டீஸ் மூலம் அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காமல் விட்டு, இடையில் நிலம் கைமாறினால் வழக்கு இழுக்கும். அப்புறம் வில்லங்கச் சான்று எடுத்து, ரத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்ஐசி, பிஎஃப், வங்கி, மியூச்சுவல் ஃபண்ட் என்று நாமினியை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். பிள்ளையை நாமினியாக்கினால், 18 வயது ஆகும்வரை பணத்தை வாங்க ஒரு பெரியவர் பெயர் கேட்பார்கள். பழக்கதோஷத்தில் அங்கே பழைய துணையின் பெயரையே எழுதிவிடாதீர்கள்! உயில் எழுதியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்; அதுவும் தானாக மாறாது.

‘வீட்டுக் கடனை அவர் கட்டுவார்’ என்று தீர்ப்பில் இருக்கலாம். வங்கிக்கு அது கணக்கில்லை. கையெழுத்துப் போட்ட இருவருமே கடனாளிகள்; அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கி எழுத்தில் சம்மதிக்கும்வரை விடாதீர்கள்.

ரேஷன் கார்டில் பழைய குடும்பத்திலிருந்து பெயரை நீக்கிய பிறகே புதுக் கார்டுக்கு மனுப் போடுங்கள். ஒரே ஆதார் எண் இரண்டு கார்டில் ஏறாது. மகளிர் உரிமைத் தொகையும் கார்டை வைத்துத்தான்.

பான் கார்டுக்கு அலைய வேண்டாம். அதில் கணவர் பெயரே கிடையாது. இனிஷியலை மாற்றாதவரை அப்படியே விட்டுவிடலாம்.