கருப்பை நீக்கிய பின் வயிற்று வீக்கம்: எது எப்போது வடியும், அதுவரை என்ன செய்வது

நார்க்கட்டியோடு கருப்பையையே எடுத்தாகிவிட்டது. பிறகும் ஏன் பாவாடை நாடா எட்டமாட்டேன் என்கிறது? அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வீக்கம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே நான்கு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன: வயிற்றுக்குள் செலுத்திய வாயு, மந்தமான குடலில் சேரும் காற்று, வெட்டுப்பட்ட திசுக்களில் தேங்கும் நீர், தளர்ந்துபோன வயிற்றுத் தசை. ஒவ்வொன்றும் வடிய எடுத்துக்கொள்ளும் காலம் வேறு, வைத்தியமும் வேறு. வாயுவுக்குச் செய்வதை நீர்த்தேக்கத்துக்குச் செய்தால் பலன் இருக்காது.

படி 1: வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

மருத்துவமனையில் தரும் தாளை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் தாதியிடமோ மருத்துவரிடமோ நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த வழியில் செய்தார்கள்: வயிற்றைத் திறந்தா, துளைகள் வழியாகவா, பிறப்புறுப்பு வழியாகவா? சினைப்பைகளை எடுத்தார்களா, விட்டுவைத்தார்களா? கருப்பை வாயையும் எடுத்தார்களா? தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வர வேண்டுமா? பிறகு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போதும் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

துளை வழி சிகிச்சை என்றால் வெளித்தழும்பு சின்னது. உள்ளே நடந்த வேலை சின்னதல்ல. பிறப்புறுப்பின் மேல்முனையில் போட்ட தையல் வயிற்றைத் திறந்து செய்தவருக்கும் துளை வழியாகச் செய்தவருக்கும் ஒன்றுதான். "சின்ன ஓட்டைதானே" என்று 2ஆம் வாரமே பழைய வேகத்துக்குத் திரும்புகிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

படி 2: முதல் 3 நாள், காற்றோடு மல்லுக்கட்டு

துளை வழி சிகிச்சையில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்துகிறார்கள். முடிந்ததும் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுவார்கள், எஞ்சியதை உடல் சில நாளில் உறிஞ்சிக்கொள்ளும். அந்த மிச்சம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானத் தசையை உறுத்துவதால் வலி தோள்பட்டையில் தெரியும். இரண்டுக்கும் நரம்பு பொது. தோளில் வலித்ததும் மாரடைப்பு என்று பதற வேண்டாம், ஆனால் அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்தால் அது வேறு கதை. தோளில் மிதமான ஒத்தடம் கொடுங்கள், சற்று நேரம் சமமாகப் படுங்கள், எழுந்து மெதுவாக நடங்கள். மூன்றாவது வாரத்திலும் வயிறு உப்பியிருந்தால் பழியை அந்த வாயுமேல் போடாதீர்கள், அது எப்போதோ போய்விட்டது.

இரண்டாவது காற்று குடலுக்குள் இருப்பது. மயக்க மருந்தும் டிராமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளும் குடலை மந்தமாக்குகின்றன. வாயு பிரியத் தொடங்கினால் குடல் விழித்துவிட்டது என்று பொருள். தாதி அதை வெட்கமில்லாமல் கேட்பதும் அதனால்தான். அதுவரை மூன்று பெரிய வேளைக்குப் பதிலாக ஐந்தாறு சிறு வேளையாகச் சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், கஞ்சி, மோர் போதும். முட்டைக்கோஸ், கொண்டைக்கடலை, மொச்சை, பச்சை வெங்காயம், காற்றடைத்த பானங்கள் ஆகியவை ஒரு வாரம் காத்திருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பால் தேநீரான தே தாரிக்கையும் தள்ளிவைப்பது நல்லது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் சூயிங்கம் மெல்லச் சொல்வார்கள், குடல் சீக்கிரம் இயங்கும் என்று. சிங்கப்பூரில் 1992 முதல் அதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை. 2004இலிருந்து மருத்துவப் பயன்பாட்டு வகை மட்டும் மருந்தாளரிடம் கிடைக்கிறது. இதற்காக அலைய வேண்டியதில்லை. அதே வேலையை நடை செய்துவிடும்.

மாத்திரையில் ஒரு கவனம். இங்கே வலிக்குப் பரவலாகத் தரும் அனாரெக்ஸிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு "பனடால்தானே" என்று இன்னும் இரண்டு போட்டால், பனடாலும் பாராசிட்டமால்தான் என்பதால் அளவு கூடிவிடும். பைகளில் எழுதியிருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

படி 3: மலச்சிக்கலை வரவிடாதீர்கள்

வீட்டுக்கு வந்த பிறகு வயிறு உப்புவதற்குத் தலையாய காரணம் இதுதான். முக்கினால் புதுத் தையல்மீது நேரடியாக அழுத்தம் விழும். மருத்துவர் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி தந்திருந்தால், அது வேலை செய்ய 1 முதல் 2 நாள் ஆகும், தொடக்கத்தில் அதுவே கொஞ்சம் வாயுவைக் கூட்டும். "குடித்ததும் இன்னும் ஊதுகிறது" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் பலர். சொன்ன நாள்வரை தொடருங்கள், வயிற்றுப்போக்கு ஆனால் மட்டும் கேட்டுக் குறையுங்கள்.

குடிநீர் நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக அளவு கட்டியிருந்தால் அந்த அளவே உங்களுக்கு. வாயு நன்றாகப் பிரியத் தொடங்கியதும் நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்: முதலில் பப்பாளி, கிவி, பிறகு வெந்த கீரை, ஓட்ஸ், கடைசியில் பருப்பு வகை. இசப்கோல் என்ற நார்த்தூளை எடுப்பவர்கள் ஒரு தேக்கரண்டிக்கு ஒரு முழுக் குவளைத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கெட்டிப்பட்டு நிலைமை மோசமாகும். பப்பாளி சூடு என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். கருப்பையைக் காக்கச் சொன்ன பத்தியம் அது, இப்போது காக்கக் கருப்பை இல்லை.

கழிவறையில் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள சிறு முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி உட்கார்ந்து சற்றே முன்னால் சாயுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், வாய் வழியாக ஊதிக்கொண்டே விடுங்கள். வெட்டுக் காயம் உள்ளவர்கள் மடித்த துண்டை அதன்மேல் உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தால் பயம் குறையும். இருமும்போதும் தும்மும்போதும் சிறிய தலையணையை இதே போல அணையுங்கள்.

படுக்கையிலிருந்து எழுவதற்கும் முறை உண்டு. நேராக எழ முயன்றால் வயிற்றுத் தசை முழுவதும் இழுபடும். முழங்காலை மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பப் பக்கவாட்டில் புரளுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே முழங்கையாலும் உள்ளங்கையாலும் உந்தி உட்காருங்கள். அரை நிமிடம் உட்கார்ந்து தலைசுற்றல் இல்லையென்றால் நில்லுங்கள்.

படி 4: 1 முதல் 6 வாரம், சாயங்கால வீக்கம்

காற்றுப் பிரச்சினை தீர்ந்ததும் மிஞ்சுவது திசுநீர். காலையில் வயிறு ஓரளவு தட்டையாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு நான்கு மாதக் கர்ப்பம் போலத் தெரியும். நாள் முழுக்க நின்று, நடந்து, உட்கார்ந்ததில் நீர் கீழே இறங்குகிறது. குறுக்குவெட்டுப் போட்டவர்களுக்கு நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களும் அறுபட்டிருக்கும், அதனால் தழும்புக்கு மேலே ஒரு விளிம்பு புடைத்து நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறலாம். தழும்பைச் சுற்றி மரத்துப்போய், தொட்டால் யாருடைய வயிற்றையோ தொடுவது போலிருக்கும். இது மாதக்கணக்கில் நீடிக்கலாம், அரிப்பும் சுருக்கென்ற குத்தலும் நரம்பு மீள்வதன் அடையாளங்கள். ரத்த உறைவைத் தடுக்க வயிற்றில் ஊசி போட்டிருந்தால் அங்கங்கே நீலம் பாரித்திருக்கும், அதையும் தையல் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

மாலை வீக்கம் அன்றைக்கு நீங்கள் எவ்வளவு செய்தீர்கள் என்பதற்கான அளவுகோல். நேற்றைவிட இன்று மிக அதிகம் என்றால் நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள். மதியம் ஒரு மணி நேரம் சமமாகப் படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். படுத்திருக்கும்போது மணிக்கொரு தடவை கணுக்காலை மேலும் கீழுமாகப் பத்து முறை அசைத்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

நடையை இப்படித் தொடங்கலாம்: முதல் வாரம் வீட்டுக்குள்ளும் நடைவழியிலும் 5 நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. இரண்டாம் வாரம் 10 நிமிடம், இரண்டு வேளை. பிறகு சில நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டி, 4 முதல் 6 வாரத்துக்குள் அரை மணி நேரத்தை எட்டலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார இடமும் நிழலும் உண்டு, திரும்பி வரத் தெம்பு மிச்சம் வைத்து நடங்கள். எம்ஆர்டியில் முன்னுரிமை இருக்கையில் உட்காரத் தயங்க வேண்டாம். வெளியே தெரியாத காயத்துக்கும் அந்த இருக்கை உரியது.

தூக்கும் எடை 6 வாரத்துக்குச் சுமார் 4 முதல் 5 கிலோவுக்குள். 5 கிலோ அரிசிப் பையே எல்லைக்கோட்டில் நிற்கிறது. தண்ணீர் நிறைந்த பெரிய குக்கர், ஈரத்துணிக் கூடை, பேரப்பிள்ளை எல்லாம் எல்லைக்கு வெளியே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: மூங்கில் கழி. ஈர ஜீன்ஸ் கோத்த கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பொருத்தும்போது கை நீண்டு, உடல் முன்சாய்ந்து, பாரம் முழுவதும் கழி நுனியில் நிற்கும். கழியோடு துணி 4 கிலோகூட இருக்காது, வயிற்றுத் தசைக்கு அது பல மடங்காகத் தெரியும். 6 வாரம் துணியை உள்ளே மடக்குச் சட்டத்தில் உலர்த்துங்கள், அல்லது வீட்டில் இருக்கும் இன்னொரு ஜோடிக் கைகளிடம் ஒப்படையுங்கள்.

படி 5: பட்டை, கட்டு, மசாஜ்

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவது நம் வழக்கம். மலாய் முறை மசாஜும் நீளத்துணிக் கட்டும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த முறையைக் கருப்பை நீக்கத்துக்குப் பின்னும் அப்படியே கொண்டுவருவதுதான் சிக்கல். இடுப்பை இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, இடுப்புத்தளத்தையும் (சிறுநீர்ப்பையையும் குடலையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள்) உள்தையலையும் தாக்கும். மருந்தகத்தில் விற்கும் மீள்தன்மையுள்ள வயிற்றுப் பட்டையை மருத்துவர் சம்மதித்தால் எழுந்து நடமாடும்போது மட்டும் அணியலாம். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும், மூச்சு வயிறுவரை இறங்க வேண்டும். தூங்கும்போது கழற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை தேங்கித் தழும்பு மடிப்பில் பூஞ்சை வரும், அடியில் பருத்தி உள்ளாடை போட்டு, ஈரமானதும் மாற்றுங்கள். வயிற்று மசாஜ், சுடு எண்ணெய், வலிக்கு ஒட்டும் சூட்டு ஒட்டுத்தாள் எதுவும் 6 வாரப் பரிசோதனைக்கு முன் வேண்டாம். மரத்துப்போன தோலில் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும்.

உடைக்கு, தழும்பின்மேல் விளிம்பு உட்காராத உயர இடுப்பு உள்ளாடையும் தளர்ந்த கவுனோ கைலியோ போதும். பாவாடை நாடா சில வாரம் ஓய்வெடுக்கட்டும்.

படி 6: தசையை எழுப்புதல்

வயிற்றைத் தட்டையாக்க வேண்டும் என்று மூன்றாம் வாரத்தில் எழுந்தமரும் பயிற்சி (சிட்-அப்) தொடங்குவது வேண்டாத வேலை. சிறுநீர் வடியப் பொருத்திய குழாயை எடுத்து, இயல்பாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கியதும் இடுப்புத்தளப் பயிற்சியை மெதுவாகச் செய்யலாம்: வாயுவை அடக்குவது போலச் சுருக்கி, சில விநாடி பிடித்து, முழுமையாகத் தளர்த்துங்கள். 8 முதல் 10 தடவை, நாளுக்கு 3 வேளை. தளர்த்துவது சுருக்குவதைப் போலவே முக்கியம். இதோடு படுத்து முழங்காலை மடித்து, மூச்சை வெளிவிடும்போது கீழ்வயிற்றை லேசாக உள்ளிழுத்தல். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

படி 7: வீக்கம் எது, சதை எது, ஹார்மோன் எது

முதல் வாரம் எடை பார்க்க வேண்டாம், ஏற்றிய நரம்புவழித் திரவமே ஒன்றிரண்டு கிலோ காட்டும். சாதாரணக் கருப்பை 100 கிராமுக்கும் குறைவு, பெரிய கட்டி இல்லாதவர்களுக்கு எடை முள் நகராது. மாற்றத்தை அறிய, வாரம் இருமுறை காலையில் சிறுநீர் கழித்த பிறகு தொப்புள் மட்டத்தில் இஞ்ச் நாடாவால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மாலை அளவோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். பெரும்பகுதி 6 வாரத்தில் வடியும், எஞ்சிய வீக்கம் சிலருக்கு 3 முதல் 6 மாதம் இழுக்கும். காலையிலும் குறையாமல், கிள்ளினால் கையில் பிடிபடுவது கொழுப்பு. நடமாட்டம் குறைந்து பலகாரம் கூடியதன் கணக்கு அது.

சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு மாதவிடாய் நிற்கும் அறிகுறிகள் சில நாளிலேயே வரலாம்: திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல். குளிரூட்டிய அறையிலும் நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறினால் அது சிங்கப்பூர் வெயில் அல்ல. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே எடுத்திருந்தால் ஹார்மோன் மாற்று சிகிச்சை பற்றிக் கட்டாயம் கேளுங்கள், எலும்பின் வலிமையும் இதில் அடங்கும். சினைப்பை இருப்பவர்களுக்கு ரத்தப்போக்கு இல்லாமலே மாதாந்திர உப்புசமும் மார்பு வலியும் தொடரலாம்.

பழுப்பு நிறக் கசிவு 6 வாரம்வரை வந்து போகும், கரைந்த தையலின் நூல்துண்டும் வெளிவரலாம். மாதவிடாய்த் திண்டு (பேட்) மட்டும் பயன்படுத்துங்கள், உள்ளே எதையும் வைக்க வேண்டாம். உடலுறவை மருத்துவர் உள்தையலைப் பார்த்துச் சரி என்னும்வரை தள்ளிப்போடுங்கள், குறைந்தது 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

வயிறு கல்லாகி, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியாமல் இருப்பது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது. ஒரு மணி நேரத்தில் ஒரு திண்டு நனையும் சிவப்பு ரத்தம். துர்நாற்றக் கசிவு, தழும்பில் சீழ் அல்லது பரவும் சிவப்பு. வயிறு வீங்கிக்கொண்டே சிறுநீர் குறைவது, அல்லது பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் போல ஓயாமல் கசிவது: சிறுநீர்ப் பாதையில் காயம் இருக்கலாம். மலம் கழிக்க முக்கிய பிறகோ உறவுக்குப் பிறகோ திடீரெனத் திரவம் கொட்டி, கீழே எதுவோ பிதுங்குவது போலிருப்பது: உள்தையல் விட்டிருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும் இந்தப் பட்டியலில் உண்டு. அதோடு மூச்சுத்திணறல் சேர்ந்தால் வாடகை வண்டி தேடாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். கேகே மருத்துவமனையில் மகளிருக்கான 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் படி 1இல் சொன்ன தாளைக் கொண்டுபோங்கள்.

வேலைக்குத் திரும்பும் நாளை 6 வாரப் பரிசோதனையில் முடிவு செய்யலாம். 6 மாதம் பணியாற்றிய ஊழியருக்கு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள்வரை மருத்துவமனை விடுப்பு உண்டு, சாதாரண எம்சி (மருத்துவச் சான்று விடுப்பு) 14 நாளும் அதற்குள்ளேயே அடக்கம். அதே சந்திப்பில் கருப்பை வாய் பரிசோதனை பற்றியும் கேட்டுவிடுங்கள். வாயை விட்டுவைத்திருந்தால் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமியைத் தேடும் எச்பிவி பரிசோதனை வழக்கம்போல் தொடரும்.