டைனோ நாளில் டர்போ கார்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுபாரு எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற டர்போ கார்களை மாற்றியமைத்து வைத்திருப்பவர்கள், ஒரு பட்டறையின் டைனோவை, அதாவது காரின் திறனை அளக்கும் உருளைக் கருவியை, நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் காரை உருளையில் ஏற்றி அளந்து பார்ப்பது ஒரு நல்ல வழக்கம். ஒரே நாள், ஒரே கருவி, ஒரே இயக்குநர் என்பதால் அங்கு கிடைக்கும் எண்கள் ஒப்பிடத் தக்கவையாக அமைய வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் நாமேதான்.

வேறொரு நாளில் வேறொரு டைனோவில் எடுத்த தாளைக் கொண்டுவந்து, இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பது முதல் தவறு. டைனோஜெட் வகைக் கருவி, கனமான உருளையை கார் எவ்வளவு விரைவாக முடுக்குகிறது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடுகிறது. மஸ்டாங் போன்றவை உருளைக்குத் தடை கொடுத்து, காரின் மீது சுமையை ஏற்றி அளக்கின்றன. அதே கார் இரண்டாவது வகையில் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். அதனால் கார் பலவீனமாகிவிட்டது என்று பொருளில்லை.

ஒரே கருவி என்றாலும், அன்றைய காற்றின் வெப்பம், அழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் பெருக்கெண்ணான திருத்தக் காரணியைப் பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. எஸ்ஏஇ எனப்படும் வாகனப் பொறியாளர் சங்கத்தின் திருத்தம் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையையும் 99 கிலோபாஸ்கல் அழுத்தமுள்ள உலர் காற்றையும் அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி எனப்படும் பழைய முறை அதைவிடக் குளிர்ந்த, அடர்ந்த காற்றை அடிப்படையாக்குவதால், எஸ்ஏஇ-யில் 400 குதிரைத்திறன் காட்டும் அதே ஓட்டம் எஸ்டிடி-யில் 410-ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்குகள் டர்போ இல்லாத எஞ்சினை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அங்கே எஸ்ஏஇ காரணி 1.2-ஐத் தாண்டும். ஆனால் பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் டர்போ எஞ்சின், டர்போவைக் கூடுதலாகச் சுழற்றி அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. அதன் எண்ணை மேலும் 1.2-ஆல் பெருக்கினால், எஞ்சின் தராத குதிரைத்திறன் தாளில் ஏறிவிடுகிறது. ஆகவே திருத்தாத எண்ணையும் சேர்த்து அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள்.

கியரைக் கவனியுங்கள். "எல்லோரும் நான்காவது கியர்" என்று பொதுவாக முடிவு செய்வது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒப்பிட ஏற்றது, கியர்பாக்ஸின் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழலும் ஒன்றுக்கு ஒன்று விகிதம். ஐந்து கியர் கொண்ட எவோவில் (லான்சர் எவல்யூஷன்) அதை நெருங்குவது நான்காவது கியர். ஆறு கியர் கொண்ட 2004 எஸ்டிஐ-யிலோ அது ஐந்தாவது. தாழ்ந்த கியரில் ஓட்டம் சட்டென முடிந்துவிடுவதால், பெரிய டர்போ முழு பூஸ்டை எட்டுவதற்குள் பாதி வரைகோடு கடந்துபோயிருக்கும்.

வரிசையில் காத்திருக்கும்போது ஏறும் வெப்பம்தான் டர்போ கார்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது. எஞ்சின் ஓடியபடியே நிற்கும் காரில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி நிற்கும். உருளையின் மீது கார் நகராததால், முன்னால் வைத்த மின்விசிறி தரும் காற்று சாலையில் கிடைப்பதற்கு ஈடாவதில்லை. உள்ளிழுக்கும் காற்று சூடானால் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும், உடனே எஞ்சினின் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், திறன் விழும். காலையில் குளிர்ந்த காரில் எடுத்த ஒரே ஓட்டத்தையும், பிற்பகலில் அடுத்தடுத்து எடுத்த மூன்றாவது ஓட்டத்தையும் ஒப்பிட்டு ஒருவர் வென்றதாகச் சொல்வது சரியல்ல. எல்லோருக்கும் ஒரே அளவு ஓய்வு, மூன்று ஓட்டங்கள், ஒவ்வொன்றிலும் உள்காற்றின் வெப்பநிலையும் பூஸ்ட் அளவும் என்று பதிந்துகொண்டால் போதும். எந்த எரிபொருள் என்பதையும் தாளின் மூலையில் எழுதிவையுங்கள். காரைக் கட்டும் பட்டையின் இறுக்கமும் டயர்க் காற்றும் கூட எண்ணை அசைக்கும்.

சக்கரத்தில் அளந்த எண்ணை எஞ்சின் திறனாக மாற்றும் பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 300 குதிரைத்திறன் கொண்ட கார் சக்கரத்தில் 230 காட்டுகிறது. இழப்பு 70, அதாவது 23 விழுக்காடு. மாற்றியமைத்த பின் சக்கரத்தில் 345 வந்ததும், அதே விழுக்காட்டைப் போட்டு எஞ்சினில் 450 என்கிறார்கள். அப்படியானால் இழப்பு 105 ஆகியிருக்க வேண்டும். அதே கியர்பாக்ஸும் அதே அச்சுகளும் திடீரென இன்னும் 35 குதிரைத்திறனை விழுங்கத் தொடங்குமா? உராய்வில் ஒரு பகுதி சுமையோடு கூடும். ஆனால் முழுவதும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. சக்கரத்தில் வந்த எண்ணைச் சக்கர எண்ணாகவே சொல்வது நேர்மை.

உச்ச எண்ணை மட்டும் பார்த்து அமர்ந்துவிடாதீர்கள். 6,500 சுழற்சியில் ஒரு நொடி 400-ஐத் தொட்டு விழும் கார், 3,500 முதல் 6,500 வரை சீராக 350-ஐ ஒட்டி நிற்கும் காரிடம் சாலையில் பின்தங்கலாம். மேலும், டைனோஜெட் மென்பொருளில் வரைகோட்டின் மேடுபள்ளங்களைச் சமன்படுத்தும் அளவு 0 முதல் 5 வரை உண்டு; 5-இல் அச்சிட்ட தாளில், எஞ்சின் தட்டியதால் ஏற்பட்ட பள்ளம் கூட மறைந்துபோகும். டைனோஜெட்டில் திறன் உருளையிலிருந்து கணக்கிடப்படுவதால், எஞ்சின் சுழற்சியைப் பிடிக்கும் உணரி தவறாகப் படித்தாலும் திறன் எண் சரியாகவே இருக்கும், முறுக்குவிசை மட்டும் பிழையாகிவிடும். முறுக்குவிசை எண் நம்ப முடியாத உயரத்தில் வந்தால், எஞ்சினைச் சீரமைத்த டியூனரைப் பாராட்டுவதற்கு முன் அந்த உணரியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.