பாரபென் இல்லாத டப்பாவும் பெயரே இல்லாத டப்பாவும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மாதம் ஒருமுறை ஒரு ஆண்டி வருவார். டர்பனில் வயதில் மூத்த பெண்கள் எல்லோருமே ஆண்டிதான். அக்கா, அத்தை என்று விதவிதமாகக் கூப்பிட்டதெல்லாம் எனக்குத் தூத்துக்குடியோடு போயிற்று. போன தடவை வந்தபோது ஒரு ஷாம்பு புட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பின்பக்கப் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "இதில பாரபென் இருக்குதா கண்ணு? கேன்சர் வருமாம், மருமகள் சொன்னா" என்றார். பாரபென் என்பது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். பார்த்துவிட்டு இல்லை என்றேன். காசு எடுக்கக் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன வெள்ளை டப்பா. லேபிள் கிடையாது. யார் செய்தது, எந்த ஊர், என்ன சேர்த்தது, ஒன்றும் கிடையாது. மூடியில் மட்டும் பேனாவால் 'நைட்' என்று கிறுக்கியிருந்தது. சந்தையில் தெரிந்தவர்களிடம் வாங்கிய முகக் க்ரீமாம். "பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு" என்றார்.

பத்தே நாளில் என்பதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. ஷாம்புவில் இல்லாத ஒன்றுக்காக அவ்வளவு பயந்தவர், டப்பாவில் இருப்பது என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. கவுன்டரில் தினமும் நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த வகைதான்: வாயில் நுழையாத பெயரைக் கண்டு மிரள்கிறோம், பெயரே போடாத பொருளை நம்பிப் பூசுகிறோம்.

சீக்கிரம் வெளுக்க வைப்பதை நம்புவது

முகத்தை வேகமாக வெளுக்க வைக்கும் லேபிள் இல்லாத க்ரீம் என்றால், உள்ளே இருப்பது அநேகமாக மூன்றில் ஒன்று: ஹைட்ரோகுவினோன், பாதரசம், அல்லது குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. சில டப்பாக்களில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

ஹைட்ரோகுவினோன் கதை இந்த நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த கதை. 1975-ல் ஃபின்ட்லே என்ற பிரிட்டோரியா தோல் மருத்துவரும் அவருடைய சகாக்களும், வெளுப்பு க்ரீம் பூசிவந்த பெண்களின் முகத்தில் கன்ன எலும்பை ஒட்டி நீலமும் கறுப்புமாகப் படர்ந்த கறையைப் பற்றி எழுதினார்கள். இன்று மருத்துவ உலகம் அதை ஓக்ரனோசிஸ் என்கிறது. தோலின் நிறமியை உண்டாக்கும் நொதியை ஹைட்ரோகுவினோன் தடுக்கிறது, அதனால் முதலில் நிறம் குறையும். அதிகச் செறிவில் வருடக்கணக்காகப் பூசி வெயிலிலும் நடந்தால், தோலின் ஆழத்தில் வேறொரு கறை படிந்துவிடும். அது லேசில் போகாது. கொடுமை என்னவென்றால், முகம் கறுக்கிறதே என்று பயந்து அதே க்ரீமை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பூசுவார்கள்.

அழகுசாதனங்களில் பாதரசத்தை அந்த 1975-லேயே இங்கே தடை செய்துவிட்டார்கள். 1980-ல் ஹைட்ரோகுவினோனுக்கு 2 சதவீத வரம்பு வைத்தார்கள். அது போதவில்லை. 1990-ல் நிறத்தை வெளுக்க வைக்கும் மருந்துகளையே அழகுசாதனங்களிலிருந்து முற்றாக விலக்கினார்கள். 'வெளுக்க வைக்கும்' என்று விளம்பரம் செய்வதும் கூடாது என்றார்கள். உலகத்தில் இப்படிச் செய்த முதல் நாடு தென்னாப்பிரிக்காதான். நிறத்தை வைத்தே மனிதரைப் பிரித்துவைத்த நாட்டில் இந்தச் சட்டம் முதலில் வந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சட்டம் இருந்தும் எல்லை தாண்டியும் பார்சலிலும் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆவியாகவும் பரவும் என்பதால் ஒரே துண்டு, ஒரே தலையணையைப் பயன்படுத்தும் குழந்தைகளுக்கும் போகும். கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஓர் உட்பிரிவு இருந்தது, அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். நம் உறவுக்காரர்கள் லீவுக்கு ஊருக்குப் போய்ப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அந்த மாதிரி க்ரீம்கள்.

பாதரச டப்பாவை நூற்றுக்கு நூறு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குத்தான் அந்த எச்சரிக்கை. க்ரீம் வெளிச்சத்தில் இருந்து சாம்பல் நிறமாகவோ பச்சையாகவோ மாறுவதும், லேபிளில் பாதரசத்தைக் குறிக்கும் காலோமெல், மெர்குரி என்ற சொற்கள் இருப்பதும் அதே கதைதான்.

ஸ்டீராய்டு க்ரீமைப் பூசினால் முதல் வாரம் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பருவாக வெடிக்கும். நிறுத்தினால் எரியும், எரிவதால் மறுபடி பூசுவார்கள். எங்கள் கடையில் மருத்துவர் சீட்டில்லாமல் குளோபெட்டசால் தர மாட்டோம் என்றால் சிலருக்குக் கோபம் வரும், காரணம் இதுதான்.

பெயர் நீளமாக இருந்தால் விஷம் என்று எண்ணுவது

இனி பாரபென். க்ரீமிலும் ஷாம்புவிலும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் பூஞ்சையும் கிருமியும் வரும், டர்பன் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதைத் தடுக்கச் சேர்ப்பதுதான் பாரபென், ஊறுகாய்க்கு உப்பு மாதிரி. 2004-ல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டிகளைச் சோதித்து அவற்றில் பாரபென் இருந்ததாக ஒரு ஆய்வு வந்தது. பயம் காட்டுத்தீயாகப் பரவியது அப்போதுதான். அந்த ஆய்வு, பக்கத்தில் நோயில்லாத திசுவை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கட்டியில் இருந்தது என்பதும் கட்டியை உண்டாக்கியது என்பதும் வேறு வேறு. அதற்காகப் பாரபென் எல்லாமே ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் ஐந்து வகைகளைத் தடை செய்தது. புரோப்பில், பியூட்டில் என்ற வகைகள் இரண்டும் சேர்ந்து 0.14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மெத்தில் வகை 0.4 வரை போகலாம் என்றும் வைத்தது. வகையையும் அளவையும் பார்த்துப் பேசுவது இப்படித்தான்.

பாரபென் பயம் வந்ததும் கம்பெனிகள் என்ன செய்தன? அதை எடுத்துவிட்டுப் பலவற்றில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற வேறொரு கிருமித்தடுப்பைச் சேர்த்தன. விளைவு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரிப்பும் கொப்புளமுமாக ஒவ்வாமைக்காரர்கள் தோல் மருத்துவர்களிடம் வரிசையில் நின்றார்கள். 2013-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. 2017-லிருந்து, கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பாவில் தடை. 'பாரபென் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அப்படியென்றால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பதே நல்லது.

ஷாம்புவில் நுரை வரச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் புற்றுநோய் தரும் என்பது 1990-களின் கடைசியில் மின்னஞ்சலில் சுற்றிய வதந்தி. வறண்ட தோலை அது எரிச்சலாக்கும், உண்மை. பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், பனை எண்ணெயிலிருந்துதான் அதையும் செய்கிறார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கழுவிவிடும் பொருளா, ஒட்டி நிற்கும் பொருளா என்பதையும் பாருங்கள். ஷாம்பு தலையில் இருப்பது இரண்டு நிமிடம், முகக் க்ரீம் இருப்பது எட்டு மணி நேரம். லேபிளில் அதிகமாக இருப்பதை முதலில் எழுதுவார்கள், ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். 'பர்ஃபம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல டஜன் வாசனைப் பொருள்கள் அடங்கும். சென்சிடிவ் தோல்காரர்கள் தேட வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.

இயற்கை என்றால் கண்ணை மூடிப் பூசுவது

இதில் நானே குற்றவாளி. இங்கே வந்த முதல் ஜனவரியில், கழுத்துக் கறுப்பு போகட்டும் என்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு துணி காயப்போட வெயிலில் நின்றேன். இரண்டு நாளில் கொப்புளம், பிறகு சாறு வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடுகள். மறைய ஆறு மாதம் ஆயிற்று. எலுமிச்சைச் சாற்றில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். எந்த ஆலையிலும் செய்ததல்ல, கொல்லைமரத்துப் பழம்.

குங்குமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அது மஞ்சளும் சுண்ணாம்பும். ஒரு தட்டில் மஞ்சள்பொடி போட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தால் ரத்தச் சிவப்பாகும், அதன்மேல் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாங்கிய பொட்டலத்தில் இதைச் செய்து பார்த்தேன். அந்தச் சிவப்பு அசையவே இல்லை. அப்படியென்றால் அது சாயம். சாயம் என்பதாலேயே விஷமாகிவிடாது, ஆனால் ஈயம் இருக்கிறதா என்று இந்தச் சோதனை சொல்லாது. நியூ ஜெர்சியிலும் மும்பை, டெல்லியிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கில் ஈயம் இருந்தது. விளக்குக் கரியில் செய்த கண்மை வேறு, ஈயக்கல்லை அரைத்த சுர்மா வேறு. குழந்தை கண்ணைக் கசக்கிவிட்டு விரலை வாயில் வைக்கும், மறக்காதீர்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் நெற்றியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாமி குத்தம் இல்லை. பசையில் உள்ள ஒரு ஃபீனால் வகை, நிறமி செல்களைக் கொன்றுவிடுகிறது.

சோதித்துப் பார்க்காமல் பூசுவது

கல்யாண சீசனில் 'கறுப்பு மெஹந்தி' கேட்பவர்கள் அதிகம். அசல் மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. ஆரஞ்சில் தொடங்கி ஒரு நாளில் செம்பழுப்பாகும். ஒரு மணி நேரத்தில் கரிக்கறுப்பாகப் பிடித்தால் அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். முடிக்குச் சாயம் கலந்தபின் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு, தோலில் நேராகப் பூச அனுமதியே இல்லை. ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். பத்து வயதில் கையில் கொப்புளம் வந்த பெண்ணுக்கு நாற்பதில் தலைக்குச் சாயம் போடும்போது முகமே வீங்கலாம்.

'இருபது வருஷமா இதே டைதான், எனக்கு ஒண்ணும் ஆகாது' என்பார்கள். ஒவ்வாமை இருபத்தோராவது வருடத்திலும் வரும். ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். சனிக்கிழமை விசேஷம் என்றால் வியாழன் காலையே வைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, சிக்கனத்தில் செய்வது. புட்டியின் அடியில் தங்கிய ஷாம்புவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு மாதம் ஓட்டுவது. கிருமியைத் தடுக்கும் பொருளையும் சேர்த்தே நீர்க்கச் செய்துவிடுகிறீர்கள். அன்றே குளித்து முடிப்பதென்றால் ஊற்றுங்கள்.

அந்த ஆண்டியிடம் டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. உள்ளே பாதரசம் என்றால் இன்றே நிறுத்த வேண்டும், ஸ்டீராய்டு என்றால் திடீரென நிறுத்தினால் முகம் வெடிக்கும். இரண்டில் எது என்று தெரியாதபோது, டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பூசாமல், அன்றைக்கே கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள், சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள் என்றேன். முகம் சுண்டிப் போயிற்று. ஷாம்புவை வாங்கிக்கொண்டு, டப்பாவைக் கைப்பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு டாக்ஸி நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.